ஏலமலை அடிவாரத்தில் ஒரு பவளத்தொட்டி

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. மேற்கே ஏலமலைச் சரிவு எழுந்து நிற்கிறது. ஊரைச் சுற்றித் தென்னை, மா, சோளம், இலவம். கடல் இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் தூரம்தான். மலையேறி இறங்கினால் கேரளக் கரை. கிழக்கே போனால் மதுரை, ராமநாதபுரம் தாண்டி மண்டபம், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தால் இந்த மண் கடலோடு சேர்ந்ததுதான். குரங்கணி மலையிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆற்றின் நீர் தேனியைக் கடந்து வைகைக்குப் போகிறது. வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, நல்ல வெள்ளக் காலத்தில் மிஞ்சியதை ஆற்றங்கரை என்ற ஊரில் கடலில் சேர்க்கிறது. அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் மண்டபம். மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள்.

இந்த மலையடிவாரத்தில், வீட்டுக் கூடத்தில், ஒரு பவளத்தொட்டி வைக்க முடியுமா? முடியும். நன்னீரில் தங்கமீனும் கப்பியும் வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை இது. செயற்கை உப்பும் எல்.இ.டி. விளக்கும் பார்சலில் வீடு வந்து சேரும் காலத்தில் கடலோரத்தில் குடியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் தொடங்குகிறவர் முதலிலேயே மனதில் உறுதி செய்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கடலிலிருந்து உயிருள்ள எதையும் பெயர்த்து எடுக்காமல் இந்தத் தொட்டியைத் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கும் வழி இன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

டெவன் கரையில் நடந்தது

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைக்கும் பழக்கத்தை வீடுகளுக்குக் கொண்டுபோனவர் பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கில இயற்கை ஆய்வாளர். கடற்கரையில் இல்லாதவர்களும் தொட்டி வைக்கலாம் என்று செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறையை உருவாக்கினார். 1854ல் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். நூல் பரபரப்பாக விற்றது. கூடையும் உளியுமாக மக்கள் இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குழிகளில் இருந்த கடல் சாமந்தியையும் பாசியையும் நண்டையும் அள்ளினார்கள். சில பத்தாண்டுகளில் அந்தப் பாறைக் குழிகள் வெறுமையாயின. அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907ல் எழுதிய நினைவு நூலில், தந்தை நேசித்த கரை தந்தையின் எழுத்தாலேயே சூறையாடப்பட்டதை வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். நேசித்தவரின் எழுத்தே நேசித்ததை அழித்தது. இந்தத் துறையைப் பற்றி எழுதும் எவரும் மறக்கக் கூடாத கதை இது. நானும் மறக்காமல்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கதை இன்னும் கடுமையானது. தூத்துக்குடி முதல் மண்டபம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கிய பாறை போனதும் கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986ல் இந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. 1989ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. எஞ்சிய பவளத்தை இப்போது வெப்பம் தாக்குகிறது. 2016ல் கடல்நீர் சூடேறி வெளிறல் வந்தபோது, இங்கு உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சுருங்கியது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமென்ட் சட்டங்களில் கட்டி, கடலடியில் நட்டு, திட்டுகளை மீட்டுவருகிறார்கள். அங்கே ஒருவர் முங்கி நட்டதை இங்கே ஒருவர் பெயர்த்து வாங்கலாமா?

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கரும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவை. கல்பவளத்துக்குச் சிறுத்தைக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மீறினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. செத்த பவளமும் இதில் அடங்கும். ராமேஸ்வரம் போய் வரும்போது கரையில் பொறுக்கிய வெள்ளைப் பவளத் துண்டைத் தொட்டியில் அலங்காரமாக வைப்பதும் குற்றம்தான். பலருக்கு இது தெரிவதில்லை. அதனால் பவளத்தைப் பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

உப்புப் போட்டால் கடலாகாது

புதியவர் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்தால் போதாதா என்பது. தூத்துக்குடி உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சம் படிகிறது, அதாவது கால்சியத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு சோறாக்கும் உப்பு விளைகிறது. அதை வாரி எடுத்த பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் நிற்கின்றன. நம் வீட்டுக்கு வருவது நடுவில் விளைந்த சோடியம் குளோரைடு மட்டும். கடலில் கரைந்திருப்பதில் குளோரைடும் சோடியமும் சேர்ந்து 85 விழுக்காடு. மீதியில் சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன. பவளமும் நத்தையும் ஓடு கட்டுவது அந்த மீதியைக் கொண்டுதான். ஆகவே பவளத்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் கல் இடம்பிடித்தது போக ஏறத்தாழ 150 லிட்டர் நிற்கும். அதற்கு ஆறு கிலோ உப்பு ஆகும்.

இதைவிடச் சின்னத் தொட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொடக்கக்காரருக்குச் சின்னத் தொட்டிதான் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. இருபது லிட்டர் நீரில் ஒரு மீன் செத்தால் அன்று மாலைக்குள் எல்லாம் கெடும். 150 லிட்டரில் கவனித்துச் சரிசெய்ய ஒரு நாள் கிடைக்கும். ஆனால் எடையை மறக்கக் கூடாது. நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் கால் டன்னை நெருங்கும். பழைய மரப்பலகை மேசையில் வைத்துவிட முடியாது. இரும்புச் சட்டத்தில், சமதளத்தில், முடிந்தால் தரைத்தளத்தில் வைக்க வேண்டும்.

உப்பு கலக்கும் தண்ணீர் எது என்பது அடுத்தது. சிலமலைப் பக்கத்து போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுமானால் அது தொட்டிக்கு ஆகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் பாசிதான் மண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தோடு டி.ஐ. என்ற பிசின் வடிகட்டியையும் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரை எடுக்க வேண்டும். கேன் தண்ணீர் சுத்தமானது என்று நம்பி ஊற்றுகிறவர்கள் மீட்டரை ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதும். மலைத் தண்ணீர் மென்மையானது, சுவையானது. ஆனால் ஏலத்தோட்டங்களின் நடுவே வரும் ஓடையில் தெளித்த மருந்தும் சேர்ந்து வரலாம். தண்ணீரை ஒரு நாள் முன்பே பிளாஸ்டிக் டிரம்மில் எடுத்து, உப்பைப் போட்டு, சின்ன மோட்டாரால் கலக்கிவிட்டு, மறுநாள் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும். ஒப்படர்த்தி 1.026, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35. அந்த எண் வந்த பிறகே தொட்டியில் ஊற்றலாம்.

மயில்துத்தம் இருக்கும் வீடு

ஏலம் பயிரிடும் வீடுகளுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை. பொதுவான கையேடு எதிலும் இது இருக்காது. மழைக்கு முன்பு அழுகல் நோய்க்கு போர்டோ கலவை அடிப்பது தோட்டக்காரர்களின் வழக்கம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் கொடிய நஞ்சு. மீன் ஒட்டுண்ணிக்கு மருந்தாகத் தாமிரம் இடும்போதே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவுதான் இடுவார்கள்; அந்த அளவை மீன் தாங்கும், முதுகெலும்பில்லாத உயிர்கள் தாங்குவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர்டோ கலவையில் உள்ள தாமிரம் முழுவதும் கரைந்தால், 150 லிட்டர் தொட்டியை அந்த அளவுக்குக் கொண்டுபோக 12 மில்லி கலவை போதும். ஏறத்தாழ இரண்டரைத் தேக்கரண்டி.

ஆகவே மருந்து கலக்கிய டிரம்மை எத்தனை முறை கழுவியிருந்தாலும் உப்பு கலக்க எடுக்கக் கூடாது. மருந்தடித்துவிட்டு வந்த கையை அன்று தொட்டிக்குள் விடக் கூடாது. செம்புக் குடத்துத் தண்ணீரும் பித்தளைக் குழாய்த் தண்ணீரும் கூடாது. கொசுவத்தியும் கொசு மருந்துத் தெளிப்பும் அந்த அறையில் வேண்டாம். மீன் கடையில் கொடுக்கும் நீல நிற மருந்துப் புட்டியை வாங்கும்போது அதில் தாமிரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மீன் இல்லாத ஆறு வாரம்

பவளத்தொட்டியின் உயிர்நாடி கல். 1961ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். பெரிய வடிகட்டி இல்லை. கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல், கொஞ்சம் மணல், காற்றுக் குமிழி, வெயில், அவ்வளவுதான். அவருடைய தொட்டியில் பவளம் உயிரோடு இருந்தது. கல்லின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாதான் வேலை செய்கிறது என்பது பிறகு விளங்கியது. பீட்டர் வில்கென்ஸும் ஜெர்மனியின் பெர்லின் ஆர்வலர்களும் அந்தக் கல்லோடு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் நல்ல விளக்கையும் சேர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருப்பது ஏறத்தாழ அந்தப் பெர்லின் முறைதான்.

லீ கல்லைக் கடலிலிருந்து எடுத்தார். நாம் எடுக்கக் கூடாது. நம் கடலில் அந்தக் கல் பெரும்பாலும் பவள எலும்புக்கூடு. அதற்குப் பதில் செயற்கையாகச் செய்த, நுண்துளை நிறைந்த காய்ந்த கல் கிடைக்கிறது. பீங்கானிலும் செய்கிறார்கள், சிமென்டிலும் செய்கிறார்கள். சிமென்ட் கல் என்றால் பல வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காரம் இறங்கிய பிறகே போட வேண்டும். காய்ந்த கல்லில் ஒரு நன்மை உண்டு. வேண்டாத புழுவும் பூச்சியும் கல்லோடு வீட்டுக்கு வருவதில்லை. ஒரு குறையும் உண்டு. பாக்டீரியா தானாக வந்து குடியேற நாளாகும்.

அந்தக் குடியேற்றத்தைப் புரிந்துகொள்ள விவசாயிக்குச் சிரமமே இல்லை. வயலில் போடும் யூரியா முதலில் அம்மோனியாவாகிறது, பிறகு நைட்ரைட், பிறகு நைட்ரேட். மண்ணில் அதைச் செய்யும் பாக்டீரியாக்களின் உறவுகளே தொட்டியிலும் செய்கின்றன. அம்மோனியா மீனைக் கொல்லும், நைட்ரைட்டும் கெடுதல், நைட்ரேட் ஓரளவு வரை பரவாயில்லை. கல்லும் உப்புநீரும் ஓட்டமும் தயாரான பின், ஒரு துண்டு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிடுங்கள். அம்மோனியா ஏறும். சில நாளில் அது இறங்கி நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். சோதனைக் குப்பியில் இரண்டும் பூஜ்யமாக வரப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் கொஞ்சம் முந்தலாம்.

இந்த ஆறு வாரம்தான் பெரும்பாலான தொட்டிகளின் தலைவிதியை முடிவு செய்கிறது. வீட்டுப் பிள்ளைகள் மீன் எங்கே என்று கேட்பார்கள். வந்தவர்கள் வெறும் கல்லைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவசரப்பட்டு மீனை விட்டவர்கள் அதே வாரம் அதை எடுத்துப் புதைத்தார்கள். ஒரு நோட்டு வைத்து தேதி, வெப்பம், உப்பு, அம்மோனியா, நைட்ரைட் என்று எழுதிவாருங்கள். ஏலக்காய் உலர்த்தும் அறையில் வெப்பத்தைக் கண்காணிக்கிற கைக்கு இது பழகிய வேலை. ஆறு வாரம் முடிந்ததும் கல்லில் பழுப்புப் படலம் வரும், பிறகு பச்சைப் பாசி, சிலருக்குச் சிவப்புச் சளி. தொட்டி கெட்டுவிட்டது என்று அப்போது பலர் கைவிடுகிறார்கள். கெடவில்லை. இடம் காலியாக இருக்கிறது, முதலில் வந்தது பிடித்துக்கொள்கிறது. விளக்கு நேரத்தைக் குறைத்து, வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, பொறுத்திருந்தால் கல்லில் மெல்ல ஊதா நிறச் சுண்ணப்பாசி படியத் தொடங்கும். அது வந்துவிட்டால் தொட்டி நிலைத்துவிட்டது என்று நம்பலாம்.

வெயில், காற்று, மின்வெட்டு

தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். சித்திரை வைகாசியில் போடி சமவெளியில் வெளியே 38ஐத் தொடும். கூடத்திலும் நீர் 30ஐத் தாண்டிவிடும். மன்னார் வளைகுடாவில் பவளம் வெளிறுவதும் நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நிற்கும்போதுதான். பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து வெளிச்சத்தில் உணவாக்கித் தரும் நுண்பாசியை அது வெப்பத்தில் வெளியேற்றிவிடுகிறது, பிறகு பட்டினி. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அது போதாத வீட்டில் சில்லர் வேண்டும். மூன்றடித் தொட்டிக்குத் தொட்டியைவிடச் சில்லருக்குத்தான் அதிகச் செலவாகும், அதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். மேலே போடிமெட்டில் கதை வேறு. 1,300 மீட்டருக்கு மேலே மார்கழி இரவில் சில்லர் தேவையில்லை, ஹீட்டர்தான் தேவை.

விசிறி ஓடினால் தண்ணீர் வற்றும். ஆடிக் காற்றிலும் வற்றும். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் போய்விடலாம். போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவுக்கு உப்புநீரையே ஊற்றுவது புதியவர்கள் செய்யும் தவறு. ஒவ்வொரு நாளும் உப்பு ஏறி, ஒரு மாதத்தில் தொட்டி பாத்தியாகிவிடும். வற்றியதற்கு ஈடாகச் சுத்தமான நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும், தினமும், கொஞ்சம் கொஞ்சமாக.

மின்வாரியப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. விளக்கு இல்லாமல் தொட்டி ஒரு நாள் இருக்கும், நீரோட்டம் இல்லாமல் இருக்காது. சூடான உப்புநீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் நீரோட்ட மோட்டாரை மட்டும் அதில் இணையுங்கள். பத்து இருபது வாட்தான் இழுக்கும்.

மாற்றி எடுத்த உப்புநீரை எங்கே கொட்டுவது? வாரம் 15 லிட்டர் என்றால் அதில் 525 கிராம் உப்பு. ஆண்டுக்கு 27 கிலோ. தென்னைக்கு உப்பு நல்லது என்று சொல்லி ஒரே மரத்தடியில் ஊற்றிக்கொண்டே போனால் மண் பாழாகும், கிணற்றோரம் என்றால் கிணறும் உவர்க்கும். மொட்டைமாடியில் அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பைத் தனியே ஒதுக்கிவிடலாம். இந்த ஊர் வெயில் அதற்குப் போதும்.

மண்டபத்து மீன்

இப்போது மீனுக்கு வருவோம். உலகில் விற்கும் நன்னீர் அலங்கார மீனில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தது. கடல் அலங்கார மீனில் பெரும்பகுதி இன்றும் திட்டிலிருந்து பிடித்தது. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு பீய்ச்சிப் பிடிக்கும் முறையில் மீன் மயங்கும், சுற்றியுள்ள பவளம் சாகும், பிடித்த மீனும் கடைக்கு வந்து சில நாளில் சாகும். கடல் மீன் வாங்குகிறவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இது எங்கே பிறந்தது?

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் மீன் கோமாளி மீன். 2003ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பின் பிள்ளைகள் எல்லோரும் நீமோ என்றே அழைக்கும் மீன். இதைக் குஞ்சு பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் உருவாக்கியது, ஜி. கோபகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதில் முன்நின்றார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்திலும் டி.டி. அஜித்குமார் போன்றவர்கள் இதே வேலையைச் செய்தார்கள். பிறகு லட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபணு வள நிறுவனம், அலங்கார இறால் வளர்க்க உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் குருணைத் தீனியைத் தின்னப் பழகியது, தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்தது. கடலில் பிடித்ததைவிட நம் வீட்டில் எளிதாகப் பிழைக்கும்.

ஒரு ஜோடி போதும். 150 லிட்டருக்கு முதல் ஆண்டில் அதுவே நிறைவு. கடல் சாமந்தி இல்லாமலும் கோமாளி மீன் நலமாக இருக்கும். சாமந்தியை வைத்துக் காப்பது புதியவருக்குக் கடினம், அது நகர்ந்து மோட்டாரில் சிக்கிச் செத்தால் தொட்டியே நாசமாகும். வாங்கி வந்த மீனைத் தனித் தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் வைத்து, வெள்ளைப் புள்ளி நோய் இல்லை என்று உறுதியான பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். மண்டபம் முகாம் ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை நோய் பார்த்துத் தனித்து நிறுத்திய இடம். அந்த மண்ணிலிருந்து வரும் மீனுக்கு நாமும் ஒரு தனிமைக் காலம் கொடுக்கிறோம். தாமிர மருந்து தேவைப்பட்டால் அந்தத் தனித் தொட்டியில் மட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் பதினைந்து, இருபது ஆண்டு வாழும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக வாங்கும் மீன், அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் இருக்கும். அதை நினைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பவளம் எப்போது?

ஓராண்டு கழித்து என்பது என் பதில். அதுவரை கல், ஊதாப் பாசி, ஜோடி மீன், சுத்தம் செய்யும் இறால் ஒன்று. இதுவே ஒரு திட்டுதான், இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் கல்லின் ஒவ்வொரு துளையிலும் ஏதோ ஓர் உயிர் நடமாடுவது தெரியும். நத்தை, சிப்பி வாங்கும்போது இனத்தின் பெயரைக் கேளுங்கள், சில இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கல்பவளம் வேண்டவே வேண்டாம். மென்பவளங்களிலும் காளான் பவளங்களிலும் ஜோவாந்தஸ் என்ற வகையிலும் அட்டவணையில் இல்லாதவை இருக்கின்றன. அவற்றையும் கடலிலிருந்து வாங்காமல், வேறொரு ஆர்வலரின் தொட்டியில் வளர்ந்து வெட்டிக் கொடுத்த துண்டாக வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னால் பில்லும் இறக்குமதிக் காகிதமும் கேளுங்கள். 2022ல் திருத்தப்பட்ட சட்டப்படி, வன உயிரின வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். ஜோவாந்தஸில் சில வகைகள் கடும் நஞ்சு கொண்டவை. கையுறை போட்டுக் கையாளுங்கள், கல்லோடு எடுத்து வெந்நீரில் போடவே கூடாது.

தொட்டி வேண்டாம் என்று முடிவு செய்யும் நாள் யாருக்கும் வரலாம். அன்று எதையும் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டிப் பாசியாக இருந்து மத்தியதரைக் கடலில் பரவிய 'கொலைகாரப் பாசி' 1984ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அடியில்தான் முதலில் தென்பட்டது. நம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவிலும் வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி பவளங்களின் மேல் படர்ந்ததை 2008ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மீனையும் கல்லையும் இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள்.

தொடர்ந்து வளர்ப்பவருக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு நல்ல காலம் வரக்கூடும். ஜோடியில் பெரியது பெண், சிறியது ஆண். பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறும். ஜோடி சேர்ந்துவிட்டால் கல்லில் ஒரு மூலையைச் சுத்தம் செய்து ஆரஞ்சு நிறத்தில் முட்டையிடும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏழெட்டு நாளில் முட்டையில் வெள்ளிக் கண்கள் தெரியும்; இருட்டிய சிறிது நேரத்தில் பொரியும். பொரிந்த குஞ்சு தூள் தீனி தின்னாது. முதல் வாரம் அதற்கு ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கு எட்டாத நுண்ணுயிர் வேண்டும். அந்த ரோட்டிஃபருக்குப் பச்சை நுண்பாசித் தண்ணீர் வேண்டும். இரண்டையும் முட்டை வருவதற்கு முன்பே வாளிகளில் வளர்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். முட்டையைப் பார்த்த பிறகு தொடங்கினால் குஞ்சு பட்டினியில் போய்விடும். அடுத்து ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால். இரண்டு வாரத்தில் உடலில் வெள்ளைப் பட்டை தெரியும் குஞ்சு பிழைத்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மண்டபம் மையத்தில் அவ்வப்போது பயிற்சி நடக்கிறது. போகிறவர்கள் ரோட்டிஃபர் வளர்ப்பைக் கையால் செய்து பார்த்துவிட்டு, ஒரு குப்பியில் தாய் வித்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். போடியிலும் தேவாரத்திலும் அடுத்துத் தொட்டி தொடங்குகிறவர்களுக்குச் சிலமலையில் பிறந்த மீனையே கொடுக்கலாம்.